நான்கு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு

இன்று காலை திருப்போரூர் கிளினிக்கில், வேர் சிகிச்சைக்கான ஹைப்போ கரைசலில் தண்ணீர் கலந்துகொண்டிருந்தேன். அந்த பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். நீ போய் இருபது நாளாகிறது. அழவில்லை. எனக்கு அழுகை லேசில் வராது என்பது உனக்குத் தெரியும். கரைசல் கணக்கு என்றாலே உன் ஞாபகம்தான்.

தொண்ணூறுகளில் நம் இருவருக்கும் இருந்தது ஒரே கெமிஸ்ட்ரி கைடு. எம்.பி.பி.எஸ். கனவு காணும் அளவுக்கு மார்க் இல்லை. நுழைவுத் தேர்வில் தேறிப் பல் டாக்டராகிவிடலாம் என்று இரண்டு பேருமே நம்பினோம். நீ கடப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய், நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து. கணக்குகளை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வாரம் முழுக்கப் போடுவோம். ஞாயிறு கோச்சிங் முடிந்ததும் செங்கல்பட்டு ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மாற்றிக்கொண்டு திருத்துவோம். கைடின் விடைப் பக்கங்களை பிளேடால் அறுத்து என்னிடம் கொடுத்தவள் நீதான்.

“எங்கிட்ட இருந்தா நான் பாத்துடுவேன்டி. நீயே வச்சிக்கோ” என்றாய்.

நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன். முதலில் விடை, பிறகு அதற்கேற்ற வழி. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன். அப்பா அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ முப்பதைத் தாண்டவில்லை. அதனால் என்னிடமே சந்தேகம் கேட்பாய். நானும் கூசாமல் விளக்குவேன்.

அந்த ஞாயிறு நீ என் நோட்டைத் திருத்தினாய். நான்கு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, கால் லிட்டர் கரைசல், மோலாரிட்டி என்ன? 0.4 என்பது உன் விடை. அச்சுப் பிழையால் கைடில் 0.8 என்று இருந்தது. என் நோட்டிலும் 0.8தான். நடுவில் காரணமே இல்லாமல் இரண்டால் பெருக்கியிருந்தேன்.

“இந்த ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சி?” என்றாய்.

நான் எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. திட்டுவாய், விடைப் பக்கங்களைப் பிடுங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ அவற்றை மடித்து என் பையிலேயே வைத்தாய். எனக்கு அவமானமாக இருந்தது. “மொதல்லேர்ந்து போடு. நானும் கூடப் போடறேன்” என்றாய்.

அடுத்த வாரம் எனக்குப் பதினேழு மார்க். அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் யாரிடமும் சொல்லவில்லை. நீ புதிதாகப் படிக்க வேண்டிய வாரங்களில் என்னோடு பழைய கணக்குகளையே போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு சீட் கிடைத்தது. உனக்கு அரை மார்க்கில் போயிற்று. நீ பி.எஸ்சி. படித்து, இறால் குஞ்சுப் பண்ணையில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குப் போனாய். அந்த அரை மார்க்கைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

உன் காரியத்துக்குக் கடப்பாக்கம் வந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் என்னை உறவுக்காரர்களிடம் காட்டி, “டாக்டரம்மா கெமிஸ்ட்ரில புலின்னு அது சொல்லிகினே இருக்கும். இவங்க சொல்லிக் குடுத்துதான் நான் பாஸானேன்னு சொல்லும்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த முறை என்னைக் கேட்க நீ இல்லை.