திருவிடந்தை மண்டபத்தில் உன் படகு கரையேறியது

என் செல்லத் தம்பி பாஸ்கருக்கு,

உன் கம்ப்யூட்டர் ஆட்டம் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கீழைக்காற்றின் பெயரை வைத்து நீ பாதியில் விட்டுப்போன 'கொண்டல்' இந்த ஆடியில் வெளியாகிவிட்டதுடா. உன் படகு கடலுக்குப் போகிறது, வலை போடுகிறது, அலை தாண்டித் திரும்பி வந்து நெம்மேலிக் கரையில் ஏறுகிறது. நானே ஓட்டினேன். பலமுறை கவிழ்த்த பிறகுதான் கரை சேர்த்தேன், அது வேறு கதை.

உன் கருமாதிக்குச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த அந்த ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டரை, டிவியில் மாட்டி கேசட்டிலிருந்து ஆட்டம் ஏற்றும் அந்தப் பெட்டியை, பள்ளிக்கூட நாளிலிருந்து நீ விட்டதே இல்லை. அதே பெட்டி வைத்திருப்பவர்களை எங்கெங்கிருந்தோ தேடிப் பிடித்துச் சங்கம் சேர்த்தாய். அன்றைக்கு அத்தனை பேரும் நம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

ராஜசேகரன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழுதான பெட்டிகளைச் சாலிடர் வைத்து எழுப்பி உட்கார வைப்பவர், உன்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஒரு கல்லூரியில் பேசியிருப்பதாகச் சொன்னார். பெட்டிகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்து உன் பெயரைப் போடுவார்களாம். நமக்கும் வயசாகிறது, சங்கத்தை மரியாதையாக முடித்துக்கொள்ளலாம் என்றார். துக்கத்தில் இருந்த எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டேன்.

ஆனால் அன்றைக்கே மனசு கேட்கவில்லை. "புதுசா ஒரு புரோகிராம் வர்ற வரைக்கும்தான்கா இது கம்ப்யூட்டர். அப்புறம் வெறும் டப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அதற்காகத்தானே வருஷா வருஷம் ஒரு புது ஆட்டமும் ஒரு கண்காட்சியும். ஆடியில் கல்யாணம் இல்லாமல் மண்டபம் காலியாகக் கிடக்கும் என்று கண்டுபிடித்து, திருவிடந்தை மண்டபத்துக்காரரிடம் பேசி வாங்கியவன் நீ. பழைய போர்வையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்து, கைக்குழந்தையோடு வருகிறார்கள் என்று நான் நினைத்த வருஷம் ஞாபகமிருக்கிறதா?

நசீருக்குப் போன் போட்டேன். பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, உன்னோடு உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவன், அவனுக்குத்தான். 'கொண்டல்' எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"பாதி கீது அக்கா. படகு போவுது, வலை போடுது. திரும்பி வர்றத மட்டும் அண்ணன் எழுதல."

கடலோரக் குடும்பத்தில் பிறந்தவள் அந்த வார்த்தையை எப்படித் தாங்குவாள், நீயே சொல். பிறகு, "அப்ப நீ எழுது" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்துவிடுவான். நம் கூடத்தில் உன் நாற்காலியில் உட்காரமாட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வான். நான் வாழைக்காய் பஜ்ஜி போடுவேன். படகு கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து வரும் அலைதான் பெரிய பேஜாராக இருந்தது. அது படகைத் தூக்கவும் வேண்டும், தப்பினால் கவிழ்க்கவும் வேண்டும். மாசக்கணக்கில் மல்லுக்கட்டினான். ஒருநாள் சாயந்திரம் படகு மணலைத் தொட்டு நின்றது. இரண்டு பேரும் கைதட்டினோம்.

அடுத்த வாரமே அடுத்த சோதனை. பெட்டியில் இடம் தீர்ந்துபோனது. மொத்தமே நாற்பத்தெட்டு கே மெமரிதான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படத்துக்குக்கூட அது பற்றாது. கரை திரும்பும் கட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் இருப்பதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுக்கக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று, நான் உனக்குக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்த தமிழ் எழுத்துகள். இன்னொன்று, நீ போட்ட ஆரம்ப இசை.

நான் யோசிக்கவே இல்லை. என் எழுத்துகளை எடுத்துவிடு, ஆங்கிலத்தில் போட்டுக்கொள், தம்பி போட்ட பாட்டில் கை வைக்காதே என்றேன். நசீர் பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"எழுத்த எடுத்தா இது யார் வூட்டு ஆட்டமோ ஆயிடும் அக்கா. அண்ணன் இருந்தா பாட்டத்தான் எடுத்திருப்பாரு. எனக்கு நல்லா தெரியும்."

எனக்கும் தெரிந்தது. அதனால்தான் அழுதேன். அவன் பாட்டை எடுத்தான். படகு திரும்பி வந்தது. 'கரை சேர்ந்தாச்சு' என்று என் எழுத்து திரையில் விழுந்தது. சரியாகச் செய்தோமா, பாஸ்கர்? அன்று முழுக்க இதையே உன் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மண்டபத்தில் மேஜை போட்டுக்கொண்டிருந்தோம். நசீர் தன் போனில் பதிந்து வைத்திருந்த உன் பாட்டை ஓட விட்டிருந்தான். மண்டபத்துக்குப் பின்தெருவில் இருக்கும் நாதஸ்வரக்காரர் ஏகாம்பரம் அண்ணன், கல்யாண வேலை இல்லாததால் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். யார் போட்ட மெட்டு என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், இரண்டு சேர்ந்து வராது என்றும் சொன்னேன்.

"என் குழலும் அப்டித்தாம்மா" என்றார். "இன்னோர் வாட்டி போடச் சொல்லு."

மறுநாள் மண்டபம் நிறைந்துபோனதுடா. நசீர் கடைக்கு வரும் பொத்தேரி காலேஜ் விடுதிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். குப்பத்திலிருந்து நம் பெரியப்பா மகன் கோவிந்தன் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். நசீர் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினான். ஆட்டம் ஏறச் சில நிமிஷம் ஆகுமே, டேப் கிரீச் கிரீச்சென்று கத்துமே, அந்த நேரத்தில் ஏகாம்பரம் அண்ணன் உன் பாட்டை நாதஸ்வரத்தில் வாசித்தார். பக்கத்தில் தவில். உன் சின்னப் பெட்டியின் மெல்லிய குரலில் மட்டுமே நான் கேட்டிருந்த மெட்டு, மண்டபத்துக் கூரை அதிரும்படி வந்தது. ரோட்டில் போனவர்கள் ஆடியில் யாருக்குக் கல்யாணம் என்று உள்ளே வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. பாட்டு முடியவும் திரையில் கடல் வரவும் சரியாக இருந்தது.

முதலில் ஓட்டியவன் கோவிந்தன். முதல் அலையிலேயே கவிழ்த்தான். இத்தனை வருஷம் கடலுக்குப் போகிறவன் கவிழ்த்துவிட்டானே என்று குப்பத்து ஆட்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.

"பொத்தான்ல கடல் எப்டி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றவன், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் ஓட்டினான். கடைசியில் படகு கரையேறியதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னும் கேள். ஆட்டத்தை இணையத்தில் போட்ட வாரமே போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் உன் பழைய சிநேகிதர்கள் படம் அனுப்பினார்கள். அவர்கள் வீட்டு டிவியில் என் 'ஞ'வும் 'ழ'வும் மின்னுகின்றன. இதை எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். நான் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்புகிறேன்.

ராஜசேகரன் சார் அந்தக் கல்லூரிக்கு அவராகவே போன் செய்து, பெட்டிகள் கிடைக்காது, உபயோகத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மிடுக்கை நீ கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விடுதிப் பெண்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த பெட்டிகளை அவரோடு சேர்ந்து சரிசெய்கிறார்கள். அடுத்த ஆடிக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. முன்பணம் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது உன்னிடம் சொல்லவென்றே வைத்திருந்த விஷயம். நான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு போர்டு முன்னால் உட்கார வைத்தார்களே, விளக்கு எரிந்ததும் ஒயரைச் சரியான ஓட்டையில் செருக வேண்டும், தாமதித்தால் மறுமுனையில் திட்டுவார்கள், அதுதான் என் ஆட்டம். விளக்குகள் எரிகின்றன. ஒயர் இன்னும் தப்பான ஓட்டையில்தான் போகிறது. ஆனால் திட்டுகள் எல்லாம் எழுதி முடித்துவிட்டேன், சுத்தமான தமிழில்.

நசீர் உதவ வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆடியில் அந்த மண்டபத்தில் நானே கேசட்டைப் போடுவேன், நானே பொத்தானை அமுக்குவேன். அது ஓடும். இது உன்மேல் சத்தியம்.

இப்போது உன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும்,
உன் அக்கா,
கஸ்தூரி