ஒரு கரண்டி தண்ணீர்

அடையாறு,
6-4-1948

சேசு மரி சூசை துணை

சம்பந்தி ஃப்ளோரா அம்மாளுக்கு மர்சலின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் ஆலிஸ் சுகமும் தெரியப்படுத்தவும்.

மனதில் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது, கேட்டுவிடுகிறேன். நிச்சயத்தன்று எங்கள் வீட்டில் நீங்கள் கை நனைக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினீர்கள். பாயசம் ஆடை படிந்து அப்படியே இருந்தது. "பெண் கொடுக்க அந்த அம்மாளுக்கு மனசில்லையோ" என்றாள் என் நாத்தனார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். என்ன குறை கண்டீர்கள்? என் மகன் காஸ்பருக்காகவாவது சொல்லுங்கள்.

மர்சலின்


சாந்தோம், மயிலாப்பூர்,
8-4-1948

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

குறை உங்களிடம் இல்லை, என் வாயில் இருக்கிறது. போன வருஷம் எனக்கு நாக்கில் புற்று வந்தது. ரேடியம் ஊசியை நாக்கிலேயே ஏற்றி ஏழு நாள் வைத்திருந்தார்கள். நோய் போய்விட்டது என்கிறார் டாக்டர். ஆனால் வாய் ஒரு விரல் கனத்துக்குமேல் திறப்பதில்லை, எச்சிலும் ஊறுவதில்லை. தினமும் பல்லுக்கு நடுவே தட்டைக் குச்சிகளை அடுக்கி வாயை நெம்புகிறேன். நாலு போகிறது. ஐந்தாவதுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

பேச்சு குழறும். சாப்பிட்டால் கடைவாயில் வழியும். உங்கள் பந்தியில் வழிந்தால் ஆலிஸ் கதி என்ன என்றுதான் பயந்தேன்.

இப்போது கல்யாணப் பூசையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பூசையில் நன்மை வாங்கும்வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாதே. சாமியார் நாக்கில் வைக்கும் ஓஸ்தி அப்பம் காய்ந்த வாயிலிருந்து கீழே விழுந்தால் எந்த முகத்தோடு எழுந்திருப்பேன்? வாங்காவிட்டால், பெண்ணின் தாய் சாவான பாவத்தில் இருக்கிறாள் என்பார்கள்.

நான் எழுதுவது ஆலிஸுக்குத் தெரியாது. அவளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஃப்ளோரா


சாந்தோம்,
15-4-1948

சம்பந்தி அம்மாளுக்கு,

ஒரு வாரமாகத் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிறார். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று ஆலிஸ் கேட்கிறாள், நான் மழுப்புகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. கல்யாணத்துக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன். அவளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரா


அடையாறு,
17-4-1948

சேசு மரி சூசை துணை

ஃப்ளோரா அக்காவுக்கு,

பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கல்யாணத்தை நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஒட்டுமோ, வம்சத்தில் வருமோ என்று பயம். காகிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

காஸ்பரிடம் காட்டினால், அவனுக்கு முன்னாலேயே தெரியுமாம். ஆலிஸ் அதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தாளாம். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

டாக்டரிடம் போனேன், ஒட்டாது என்றார். பங்குச் சாமியாரிடம் போனேன். ஓஸ்தியில் நகத்தளவு கிள்ளி நாக்கில் வைத்தால் போதும், அதிலும் ஆண்டவர் முழுசாக இருக்கிறார், வாங்கியதும் ஒரு கரண்டி தண்ணீரோடு விழுங்கலாம், தோஷமில்லை என்றார்.

காய்ச்சலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பத்திரிகை அடியுங்கள். பந்தியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கஞ்சி குடிப்போம். வழிந்தால் வழியட்டும், என் முந்தானை இருக்கிறது.

பூசையில் உங்கள் பக்கத்தில் நான் முழந்தாள் போடுவேன். கரண்டியும் தண்ணீரும் என்னிடம் இருக்கும். எனக்கும் இன்னும் பயம் போகவில்லை அக்கா. கரண்டி நடுங்கினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மர்சலின்