இலுப்பையில் ஒரு தூளி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னைப் போலீஸ் வேனில் ஏற்றிப்போன மறுநாள் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

இட ஒதுக்கீட்டு மறியலுக்கு ரோட்டின் குறுக்கே வெட்டிப்போட ரோட்டோரத்தில் மரமே மிச்சமில்லை. நேற்று உன் கூட்டாளிகள் கோடரியோடு மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பழைய இலுப்பையைச் சாய்க்கப் பார்த்தார்கள். எனக்குத்தான் ஆட்கள் முன்னால் பேச்சே வராதே. உன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கிளையில் தூளி கட்டி, அதில் போட்டு ஆட்டினேன்.

“இன்னா புள்ள, தூளிய அவுத்துடு,” என்றார் கோதண்டம் அண்ணன்.

“இப்பதான் தூங்குதுண்ணா.”

எட்டிப் பார்த்தார். “டேய், அப்பிடியே அப்பன் மூக்குடா! சத்தம் போடாம வாங்கடா.”

போய்விட்டார்கள்.

கல்லறையிலா பச்சைக் குழந்தையைப் போடுவாய் என்று அண்ணி திட்டித் தீர்த்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். நீ பேர் வைக்க வரும்வரை தூளியை மட்டும் அவிழ்க்கப்போவதில்லை.

உன் தங்கச்சி