சொல்லாத ஜெபக்குறிப்பு

பொதட்டூர்பேட்டையில் இருக்கும் உனக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வரும் காவடிக்காரர்களுக்கு நீ சபை வாசலில் வைக்கும் தண்ணீர்ப்பானையை இந்த வருஷம் நான் வைத்தேன்.

கரு கலைந்த பிறகு ஜெபமே வரவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னாய். அதை நான் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மறுநாள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

நேற்று ஆராதனை முடிந்ததும் தாயாரம்மாள் எழுந்து, "பாஸ்டரம்மா ஏன் வரல? ஜெபக்குறிப்பு எதனா இருந்தா சொல்லுங்க பாஸ்டர், எல்லாரும் ஜெபிக்கிறோம்" என்றார். சபையே என் வாயைப் பார்த்தது. "ஊருக்குப் போயிருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எனக்கும் ஜெபம் வரவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்