தொய்ந்த இதழ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்ற வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் நம் தையல் சாமான் கடைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாளை மறுநாள் காலை ஆபரேஷன். இதயத்தின் இடப்பக்க வால்வில் ஒரு இதழ் தடித்துத் தொய்ந்துவிட்டது. மூடவேண்டிய நேரத்தில் பின்னால் துருத்திக்கொள்ள, ரத்தம் திரும்பி ஒழுகுகிறது. நான் அனுப்பிய ஸ்கேன் படத்தைப் பார்த்த உனக்கு இது புதிதில்லை. திறந்து பார்த்து, இதழில் தெம்பு இருந்தால் தைத்துச் சரிசெய்வாராம் டாக்டர். இல்லாவிட்டால் வெட்டி எடுத்துவிட்டு வேறு வால்வு. எத்தனை வருஷம் கேரண்டி என்று கேட்டுவிட்டேன், வியாபாரி வாய். "நான் மிக்ஸி விக்கலீங்க" என்று சிரித்தார்.

அம்மாவோ ஒத்துக்கொள்ளவே இல்லை. பைஜாமாவுக்கு எலாஸ்டிக் மாற்றுகிற மாதிரிதான் என்று சமாதானம் சொன்னேன். "அப்போ ஒரு ஊக்கு போதுமே, எதுக்கு இத்தனை டாக்டர்?" என்றாள். பிறகு, "வால்வைப் பத்திப் படிச்ச பொண்ணு இருக்கா. அவ சொல்லட்டும், அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன தடவை நீ வந்தபோது, கடையில் எலாஸ்டிக் சுருளை இழுத்து இழுத்துக் காட்டினாய். இதழுக்குள் நார்கள் அலை அலையாய் இருக்கும், இழுத்தால் முதலில் நிமிரும், அதற்கப்புறம்தான் விறைக்கும், ஒரு திசையில் நீளுகிற அளவுக்கு மறு திசையில் நீளாது என்று மூச்சுவிடாமல் பேசினாய். அப்படிப் பேசிய பெண், படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரக்கு தெரிந்தவர்கள் இப்படி வாயை மூடிக்கொண்டால் சரக்கில் பழுது என்றுதான் எனக்குத் தோன்றும்.

நேற்று ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ கடைக்குப் போன் செய்தாய், படத்தைப் பார்த்தாய், நார் நல்ல நார்தான், தையல் பிடிக்கும் என்றாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முகம் தெளிந்து ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். "அவ குரல் எப்படி இருந்துச்சு? சளி புடிச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று அதற்கும் ஒரு பொய். தொழிலில் நான் பொய்யே சொன்னதில்லை என்றால் நீயே சிரிப்பாய். ஆனால் கண்ணால் பார்க்காத சரக்குக்கு இப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த வால்வை ஆராய்ச்சிக்காக அன்றாடம் மெஷினில் மாட்டிக் கிழியும்வரை இழுக்கிறவள் நீ. அம்மாவின் படத்தில் உன் கண் எங்கே போயிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

நான் சொன்னது மெய்யானால் அம்மாவைக் கூப்பிடு. இல்லையென்றால் முதலில் என்னைக் கூப்பிடு, டாக்டரிடமும் அவளிடமும் நான் பேசிக்கொள்கிறேன். படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றால் அதையாவது சொல். எதுவானாலும் நாளை ராத்திரிக்குள்.

அழுகை வந்தால் என்னிடம் அழுது தீர்த்துவிட்டு, அப்புறம் அவளிடம் பேசு. நல்லா இரும்மா.

உன்
அப்பா