எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்

மார்ச் 3, ஞாயிறு

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். போன வருடம் எழுதியவற்றைக் காலையில் புரட்டிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. மாதம் தவறாமல் ஒரு வாரத்துக்குத் 'தலைவலி' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் தலைவலி வந்ததே கிடையாது. அது மாதவிடாய். இதோ, எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே, உண்மை: ஒரு வாரம் ஆகியும் இந்த மாதம் இன்னும் நிற்கவில்லை. சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நாற்காலித் துணி எல்லாமே கருஞ்சிவப்பு. கறை தெரியக் கூடாது என்று அம்மா பார்த்துப் பார்த்து வாங்கியவை. ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் கூடாது, பச்சைத் தண்ணீரும் உப்பும்தான் என்பதை நான் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரிந்துகொண்டேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

நெட்டையிடம் கேட்டே விட்டேன். என் பக்கத்தில் உட்காருபவள். வகுப்பிலேயே உயரம், வாய் அதைவிட நீளம். கழிவறைக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நீ பேட் எப்பெப்ப மாத்துவே?"

"இது என்னடி கேள்வி? ஸ்கூலுக்குக் கெளம்பும்போது ஒண்ணு, வீட்டுக்குப் போய் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல எதுக்கு?"

நான் ஒவ்வொரு பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போதும் ஓடுகிறேன். இரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டும் ஓடுகிறேன். கட்டி கட்டியாகப் போவதையும் சொன்னேன். சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

"ஏய், நீ என்ன தண்ணிக் குழாயா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவாடி?"

மார்ச் 6

அம்மாவிடம் சொன்னேன். "அவ கெடக்கா ஒட்டடைக்குச்சி. நம்ம வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள். அப்படியானால் சரி. சரிதானா?

மார்ச் 8, வெள்ளி

பள்ளி நூலகத்தில் ஏணி மேல் நின்று அகராதிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கணம் தரையில் கிடந்தேன். நூலக ஆசிரியை உலக வரைபடப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். (அகராதி ஒன்றின் முதுகு கிழிந்துவிட்டது. அதற்காக அழுதேன். மயங்கி விழுந்ததற்கு அழவில்லை.)

பள்ளி நர்ஸ் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உள்ள சிவப்பே இல்லையே! சோறு திங்கிறியா புத்தகத்தத் திங்கிறியா?" அம்மாவை வரச் சொல்லிக் கையோடு டாக்டரிடம் அனுப்பச் சீட்டு எழுதினார்.

மார்ச் 11, திங்கள்

மகளிர் மருத்துவர். சின்ன அறை, பெரிய மூக்குக்கண்ணாடி, அவசரப்படாத குரல்.

"மூக்குல ரத்தம் வருமா?" வரும். "பல் தேய்க்கும்போது?" வரும். "எங்கயும் இடிச்சுக்காமலே உடம்புல நீலம் நீலமா?" உண்டு. வினாடி வினாவில் சொல்வது போல ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்பதே விடையாக வருவது பாதியில்தான் உறைத்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான் டாக்டர். நல்ல ரத்த ஓட்டம். இவளைப் பெத்தப்ப எனக்கே நாலு பாட்டில் ஏத்துனாங்க. என் தங்கச்சி ஒரு பல்லப் புடுங்கிட்டு ரெண்டு நாளு துப்பிக்கிட்டே கெடந்தா." இதை எப்போதும் சொல்வது போலவே கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எல்லாருக்கும் இப்படித்தான்னா, எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே கோளாறுன்னும் அர்த்தமா இருக்கலாம்."

இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்து, பரிசோதனைக்கு ரத்தமும் எடுத்தார்கள்; வீடு வரும்வரை அம்மா அந்தச் சீட்டை மடித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் அந்த வாக்கியம் உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. கருஞ்சிவப்பு விரிப்பில் உட்காரப் பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 14

சித்தி வந்திருந்தாள். செருப்புக் கடையில் வேலை. உள்ளே நுழையும்போதே நம் பாதத்தைத்தான் பார்ப்பாள்.

"ஏ புத்தகப்புழு, கால் வளந்துருச்சே, மூளை வளந்துச்சா?"

அவளுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஏப்ரல் பத்து. என்னைப் போலத்தான் அவளுக்கும், இன்னும் மோசம். கடையில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே பயப்படுவாளாம். எத்தனையோ டாக்டரைப் பார்த்து அலுத்துப்போய், கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சம்மதித்துவிட்டாள். "எடுத்துத் தூரப் போட்டுட்டு, வெள்ளை பேண்ட்டா வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரியப் போறேன் பாரு!"

"நல்லா யோசிச்சியாடி? உனக்கு முப்பத்தினாலுதானே" என்றாள் அம்மா, மெதுவாக.

"யாரும் குடி வராத வீடு, பூட்டியே கெடக்குது. இடிச்சாத்தான் என்னக்கா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா இருமிக்கொண்டே போய், ஒழுகாத குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகிறது. போதும்.

மார்ச் 27, புதன்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் எனக்குக் குறைவு. பெயர் வான் வில்லிபிராண்ட் நோய். பரம்பரையாக வீட்டில் வருவது. சாகிற நோய் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மாதவிடாய் நாட்களில் போட மாத்திரை தந்தார். கண்ட வலி மாத்திரையையும் விழுங்கக் கூடாது. பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "ஆபரேஷன்னா கேக்கவே வேணாம், தெரியாமக் கத்தி வச்சா ஆபத்து. உங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் வந்து பாத்துக்கணும்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "சித்திகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத."

"அம்மா! அவளுக்குத்தானே முதல்ல—"

"இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் துணிஞ்சிருக்கா. ரத்தத்துலயே குறைன்னு சொன்னா ஓடிருவா. ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்றேன்."

முடிந்த பிறகு சொல்லி? என்ன பேச்சு இது? எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிகிறது. அம்மாவுக்கு அது உண்மையாக இருக்கக் கூடாது.

மார்ச் 29, வெள்ளி

சண்டை. "பெரிய டாக்டருங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? நான் உன்னப் பெத்துட்டு உசுரோட தானே நிக்கிறேன்?" என்றாள். "நாலு பாட்டில் ஏத்துனதாலதான் நிக்கிறே!" என்று கத்திவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகம் என்று கேட்டால் தெரியாது. அம்மா சொல்லைத் தட்டுவதா? சித்திக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சித்தியின் டாக்டர் எல்லாம் கேட்டிருப்பார். கேட்காமலா இருப்பார். கேட்டிருந்தால் சித்தி என்ன சொல்லியிருப்பாள்?

ஐயோ. சித்தி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 30, சனி

நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுச் செருப்புக் கடைக்குப் போனேன். (பொய். இங்கே பதிவு செய்கிறேன்.)

சித்தி குந்தி உட்கார்ந்து ஒரு தடித்த மனிதரின் காலில் பூட்ஸை நுழைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்க டாக்டரம்மா, என்ன சைஸு?" என்றாள். அவர் போகும்வரை காத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நாலு அடி நடந்து பார்த்தார், திரும்பினார், இன்னொரு ஜோடி கேட்டார். அந்த மனிதரை எனக்கு வாழ்நாள் முழுக்கப் பிடிக்காது.

"சித்தி, உன் ஆபரேஷன் டாக்டர், முன்னாடி எப்பவாவது ரத்தம் நிக்காமப் போச்சான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னேன்."

"பல்லு?"

"அது பல்லுடி! அது எல்லாருக்கும்தான்..."

"எல்லாருக்கும் இல்ல சித்தி. நம்ம வீட்ல மட்டும்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், டாக்டர் சொன்ன வார்த்தை, அம்மா சொல்லாதே என்றது வரை. சித்தி கையில் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு கேட்டாள். இடையில் ஒரு கேலி இல்லை. அவள் கேலி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேனேஜர் கால்ல விழாத குறையா லீவு வாங்கிருக்கேன்" என்றாள் கடைசியில். கோபமா, அழுகையா, தெரியவில்லை. "போ. வீட்டுக்குப் போ."

மார்ச் 31

ஓடிவிடுவாளோ? அம்மா சொன்னதுதான் சரியோ?

ஏப்ரல் 1, திங்கள்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சித்தியே போன் செய்திருக்கிறாள். அம்மா திட்டவில்லை. தட்டை வைத்தாள், சோறு போட்டாள், எடுத்தாள். இதற்குத் திட்டே மேல்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாளை ஆபரேஷன் இல்லை!

சித்தி தன் டாக்டரிடம் பல் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே நிறுத்தி வைத்து, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அவளுக்கும் அதே. என்னைவிடக் கூடுதல். முதலில் மருந்து, அதற்கு அடங்குகிறதா பார்ப்போம், ஆபரேஷன் வேண்டுமா என்பதையே பிறகு பேசுவோம் என்றாராம். தெரியாமல் செய்திருந்தால் மேசையிலேயே தடுமாறியிருப்போம் என்றும் சொன்னாராம்.

எங்கள் சமையலறையில் நின்று இதைச் சொல்லும்போது சித்தி சிரிக்கத் தொடங்கினாள். "மாத்திரையாம்க்கா! இத்தனை வருசமா நான் ஸ்டூலுல பசை போட்ட மாதிரி ஒக்காந்திருந்ததுக்கு, ஒரு மாத்திரையாம்!" சிரித்துச் சிரித்து, சுவரில் சாய்ந்து, பிறகு அது சிரிப்பாக இல்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் போகிற போக்கில் என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

ஏப்ரல் 19

முழு நாளும் வகுப்பில் உட்கார்ந்தே இருந்தேன். மணி அடித்தது, ஓடவில்லை. "என்னடி, குழாயைச் சாத்திட்டாங்களா?" என்றாள் நெட்டை. சாத்திவிட்டார்கள். முக்கால்வாசி.

அம்மா மட்டும் இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை. கேட்டால், "எனக்கு என்னடி? இன்னும் கொஞ்ச காலம், தானா நின்னுரும்."

ஏப்ரல் 26, வெள்ளி

பரிசோதனை நிலையத்துக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்தபோது அம்மா சலவைக்கூடச் சீருடையை மாற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். "அந்த எடம் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. பையைப் போட்டுவிட்டு இந்த நோட்டோடு கிளம்பினேன்.

நாங்கள்தான் கடைசி. ஊசி குத்திய பெண், "அழுத்திப் புடிச்சுக்கோங்க, ரெண்டு நிமிசத்துல நின்னுரும்" என்று பஞ்சை வைத்தார். நிற்கவில்லை. இரண்டாவது பஞ்சு வைத்தார். அம்மா கையை மடக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பஞ்சுக்கு வந்தபோது அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "வெளிய கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போங்கம்மா" என்று தன்மையாகச் சொன்னார்.

"வலிக்குதாம்மா?"

"ம்ஹூம்."

பஞ்சின் நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு, மெதுவாக அகலமாகிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

"பயமா இருக்குடி" என்றாள் அம்மா.

இதற்கு முன் அவள் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அவள் விரலை எடுத்துவிட்டு, பஞ்சின் மேல் என் கட்டைவிரலை வைத்தேன். தோளில் சாய்ந்துகொண்டாள். சோப்பு வாசனை. ஒரு கையால் எழுதுவதால் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது.

உள்ளே பூட்டுகிற சத்தம். வராந்தா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வரி தெரியவில்லை.