கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. நான் முழு நலம், அம்மா முக்கால் நலம்.

வெள்ளிக்கிழமை பணிமனையில் பேருந்தை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் படியிலிருந்து அம்மா கீழே குதித்தாள். இடது கெண்டைக்காலில் யாரோ கல்லை விட்டெறிந்தது போல இருந்ததாம். "எவன்டா அது?" என்று திரும்பியிருக்கிறாள். பின்னால் ஈ காக்கை இல்லை. தசை கிழிந்தால் அப்படித்தான் தோன்றும் என்று மருத்துவர் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கும்போது நானும் உள்ளே இருந்தேன். அங்கே வேலை பார்ப்பவரை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்கிறார்கள். அம்மாவின் காலில் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவு கருவி ஒன்றை மெல்ல நகர்த்தினார். அது ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. நீங்கள் கப்பலில் கடலின் ஆழம் பார்ப்பீர்களே, அதே வித்தைதான். என் அம்மாவின் காலுக்குள் ஒரு பெரிய இறகு இருந்தது, அப்பா. சாய்வான கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அவ்வளவு ஒழுங்காக. ஸ்கேன் அக்கா அம்மாவின் பாதத்தை லேசாக அசைத்ததும் இறகு முழுவதும் நழுவி நகர்ந்தது. நான் மூச்சு விட மறந்துவிட்டேன்.

"அப்பாவைப் பயமுறுத்தாதே, கடல்ல இருக்கற மனுஷன்" என்று அம்மா சொல்லியிருப்பதால் அதிகம் விவரிக்கவில்லை. திரையில் பார்த்ததைப் பென்சிலால் வரைந்து இணைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட இடம்தான் கிழிசல். எதிரொலி படித்தே சம்பளம் வாங்குபவருக்கு நான் என்ன விளக்குவது?

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அது கிளட்ச் மிதிக்கும் கால். ஆகஸ்டு மாதச் சோதனையில் தேறாவிட்டால் அம்மாவை நிரந்தரமாக டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்களாம். அதைச் சொன்னபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் மகள்,
பூச்சி

ஜூன் 17

என் புத்தகப் பூச்சிக்கு,

கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் பயந்துவிட்டேன். பிறகு படத்தைப் பிரித்தேன். மனசு லேசாகிவிட்டது. அம்புக்குறி போட்ட இடம் நன்றாகவே இருக்கிறது. இதற்குப் போய் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று அம்மாவிடம் சொல். கிடைத்த ஓய்வை அனுபவிக்கட்டும்.

படம் அருமை. சமையல்காரர் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு மீன் முள்ளு நல்லா வரையுது" என்றார். நான் திருத்தவில்லை. அடுத்த படத்தையும் அனுப்பு.

அப்பா

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. சந்தோஷம் என்ற இடத்தில் அம்மா, துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"சந்தோஷமாத்தான் இருக்கும். நான் ஸ்டியரிங்கைத் தொட்ட நாள்லேருந்து இதுக்குத்தானே காத்துட்டிருந்தாரு."

அவ்வளவுதான். மீதித் துணிகளையும் மடித்து முடித்தாள். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று சொன்னேன். ஆனால் வேறு எப்படி நினைத்து எழுதினீர்கள் என்று எனக்குமே தெரியவில்லை.

நேற்று இரண்டாவது ஸ்கேன். போன முறை கறுப்பாக இருந்த இடம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. ஓரங்களிலிருந்து சாம்பல் நிற இழைகள் உள்நோக்கி வளர்ந்திருக்கின்றன. நாங்கள் இரவில் தூங்கும்போதும், அம்மா என்னைத் தலை வாரச் சொல்லிக் கத்தும்போதும், அந்த இழைகள் யாரும் சொல்லாமலே தம் வேலையைப் பார்த்திருக்கின்றன. "அக்கா, இதுக்கெல்லாம் யாரு வழி காட்டறாங்க?" என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க பசை தடவிட்டு உட்கார்ந்திருக்கேன்?" என்றார் ஸ்கேன் அக்கா.

படம் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அம்மாவுக்கு இதமாக நாலு வார்த்தை எழுதுங்கள். தயவுசெய்து.

பூச்சி

ஜூலை 13

பூச்சிக்கு,

இந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் படத்தில் அம்புக்குறிக்குக் கீழே நன்றாகக் கறுத்திருந்தது. இப்போது பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. அம்மா அதற்குள் ஓடியாடி ஏதாவது செய்தாளா? மறைக்காமல் எழுது.

பேருந்துப் பக்கமே அவள் போகவேண்டாம். டிக்கெட் கவுன்டர் ஒன்றும் கேவலமில்லை. அவள் கேட்கமாட்டாள் என்று தெரியும். அதனால் பணிமனை மேலாளருக்கு நானே ஒரு கடிதம் எழுதி, தபால் பையில் போட்டுவிட்டேன். பை இன்னும் கப்பலில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் கரைக்குப் போகும். இந்தக் கடிதத்தை மட்டும், விடுப்பில் இன்று கரைக்குப் போகும் மாலுமி ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா

ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்தை மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை இந்தமுறை நான் படித்துக் காட்டவில்லை. அம்மாவே வாங்கிப் படித்தாள். "கிழிஞ்சப்போ சந்தோஷப்பட்டாரு. ஆறும்போது வேலைய விடுங்கறாரு. என் பொழப்பக் கெடுக்க மேலாளருக்கு வேற எழுதறாரு" என்றாள். பிறகு, "இனிமே அவருக்குப் படம் அனுப்பாதே. கப்பல்லயே இருக்கட்டும். இங்க வந்து என்ன பண்ணப் போறாரு?" என்றாள். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இன்று மூன்றாவது ஸ்கேன். ஒரு பொத்தானை அழுத்தினார்கள். படத்துக்குள் வண்ணம் வந்தது. இழைகளின் நடுவே சிவப்புப் புள்ளிகள் மினுக்கி மினுக்கி மறைந்தன. புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள், அப்பா. போன மாதம் இந்த உலகத்திலேயே இல்லாதவை. அம்மாகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் எனக்குள்ளயா?" என்றாள். அந்தக் குரலில் அம்மா பேசி நான் கேட்டதே இல்லை.

அப்போது நான் ஸ்கேன் அக்காவிடம், எது ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்டேன். "ஒலி போய்த் திரும்பி வரலைன்னா கறுப்பு. அங்க வெறும் ரத்தம், நீர்தான். கெட்டியா இருந்தா எதிரொலி வரும், வெளுப்பாத் தெரியும்" என்றார்.

திரும்பி வரும் வழியில், கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டேன். சைக்கிள்காரர் ஒருவர் திட்டிவிட்டுப் போனார். உங்கள் கருவி காகிதச் சுருளில் வரையும் அல்லவா? போன விடுமுறையில் ஒரு துண்டு காட்டினீர்கள். அதில் கடலின் தரை கறுப்புக் கோடு. தண்ணீர் வெள்ளை.

அப்பா, நீங்கள் என் படங்களைக் கப்பல் கணக்கில் படித்தீர்களா? கிழிசலைக் கெட்டி என்றும், ஆறுவதைப் பள்ளம் என்றும் நினைத்தீர்களா? அம்மாவிடம் சொன்னேன். "நீ அவருக்கு வக்கீலா?" என்கிறாள். படம் அனுப்பக்கூடாது என்பதால் அனுப்பவில்லை. பழைய இரண்டையும் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் வைத்துப் பாருங்கள். மேலாளருக்கு எழுதியதைத் தடுக்க முடியுமா?

பூச்சி

ஜூலை 30

பூச்சிக்கு,

உன் கடிதம் தபால் படகில் வந்தது. அதே படகில் பை கிளம்ப இருந்தது. பையைத் தைத்துக் கட்டியாகிவிட்டது என்றார்கள். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று மாலுமிகள் முன்னால் சண்டை போட்டேன். மேலாளருக்கு எழுதியது என் கையில் இருக்கிறது. கிழித்துக் கடலில் போடுகிறேன்.

நீ சொன்னது சரி. கறுப்பென்றால் தரை, வெளுப்பென்றால் தண்ணீர். என் கண் அப்படியே பழகிவிட்டது. உன் இரண்டு படங்களையும் மேசையில் வைத்து, நிறம் மாற்றி நானே வரைந்து பார்த்தேன். முதலில் ஒரு குழி. பிறகு அந்தக் குழி ஓரங்களிலிருந்து தானாகத் தூர்ந்துகொண்டு வருகிறது. நாங்கள் இங்கே கடலடியைத் தோண்ட இவ்வளவு பெரிய இயந்திரம் வைத்துக்கொண்டு மண்ணோடு மல்லுக்கட்டுகிறோம். தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஒன்றை நான் எந்தச் சுருளிலும் பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கீழே இருப்பது அம்மாவுக்கு. உரக்கப் படிக்காதே. கையில் கொடு.

நீ பேருந்து ஓட்டுவது எனக்குப் பயம். அது நிஜம். நீ ஓட்டக்கூடாது என்று நினைத்ததும் உண்டு. ஆனால் உன் கால் கிழிந்ததற்குச் சந்தோஷப்படுகிற ஆள் நான் இல்லை. அப்படி நீ நம்பும் அளவுக்கு நான் நடந்திருக்கிறேனே என்பதுதான் உறுத்துகிறது. சோதனையில் தேறு.

அப்பா

ஆகஸ்டு 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கொடுத்தேன். அம்மா சமையலறையில் நின்றபடியே படித்தாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சோதனை. பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்க, சந்தைத் தெரு நெரிசலில் நின்று நின்று போகவேண்டும். கிளட்சை மிதித்து மிதித்து விடவேண்டும். பணிமனை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வண்டி திரும்பி வந்தது. அதிகாரி இறங்கி, "உங்கம்மா காலு எனக்கு இருந்தா நான் ஏன் பஸ்ல போறேன், நடந்தே போவேன்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்குப் பழைய தடமே கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று கடைசி ஸ்கேன். கோடுகள் மறுபடி சேர்ந்துவிட்டன. கிழிந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வரி ஒன்று இருக்கிறது. அந்தத் தழும்பு எப்போதும் இருக்குமாம். நான் வெறுங்கையோடுதான் போயிருந்தேன். பசையைத் துடைத்துக்கொண்டே அம்மா, "பென்சிலும் பேப்பரும் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஸ்கேன் அக்காவிடம் வாங்கிக்கொண்டாள்.

இணைத்திருக்கும் படம் நான் வரைந்தது இல்லை. கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். சமையல்காரர் மீன் முள் என்றுகூடச் சொல்லமாட்டார். திரையில் எங்கெல்லாம் வெளுப்போ அங்கெல்லாம் அம்மா கறுப்பாகத் தீட்டியிருக்கிறாள். தழும்பு வந்த இடத்தில் மட்டும் முனை உடையும்வரை அழுத்தினாள். "தப்பாப் போடறீங்களே" என்றார் ஸ்கேன் அக்கா. "பார்க்கப்போறவருக்கு இப்படிப் போட்டாத்தான் புரியும்" என்றாள் அம்மா.

கடிதம் ஏதும் எழுதவில்லை. நீங்கள் எப்போது வருவீர்கள் என்றும் கேட்கவில்லை. ஆனால் உறையை என்னிடமிருந்து வாங்கி, முகவரியை அம்மாவே எழுதினாள். கப்பலின் பெயர் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

உங்கள் மகள்,
பூச்சி